நாலாவது போட்டோவில் இருந்த பூனை

கரூரில் சுகநித்திரை என்ற பெயரில் ஒரு கொசுவலைக் கம்பெனி இருக்கிறது. அது இப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் கடைசியில் என்னிடம் அதைத்தான் கேட்கிறார்கள்.

அந்தக் கம்பெனியில் விற்பனை மேனேஜர் நாச்சிமுத்து. கணக்கு எழுதுகிறவர் செங்கோடன். தைத்து வந்த வலைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இருக்க வேண்டிய ஓட்டைகளைத் தவிர வேறு ஓட்டை ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறவர் ரங்கநாயகி அக்கா. மூன்று பேரும் தங்கமானவர்கள். சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். தொந்தரவே அதுதான்.

போன வருஷம் ஆவணியில் கம்பெனி வேன் ஒர்க்‌ஷாப்பில் படுத்துவிட்டது. மதுரை, திண்டுக்கல் பக்கத்து லாட்ஜுகளில் ஆர்டர் பிடிக்க, திருச்சியில் ஒரு வாடகைக் கார் ஆபீசில் ஐந்து நாளைக்கு வண்டி எடுப்பதாக ஏற்பாடு. முதலாளி அவிநாசியப்பன் மூன்று பேரையும் கூப்பிட்டார்.

"வண்டிய எப்படி எடுக்கறீங்களோ அப்படியே திருப்பிக் குடுக்கோணும். டேமேஜுன்னு அவன் ஒத்த ரூவா போட்டாலும், கையெழுத்துப் போட்டவனோட தீபாவளி போனஸ்ல பிடிச்சுப்போடுவேன்."

கையெழுத்துப் போட வேண்டியவர் நாச்சிமுத்து. அவருடைய போனஸ் அந்த வருஷம் ஒரு வாஷிங் மிஷினுக்கு என்று முடிவாகியிருந்தது. துணியைக் கல்லில் அடித்து அடித்து அவர் மனைவி துளசிமணிக்கு வலது மணிக்கட்டு வீங்கிக்கொள்ளும். சாயங்காலம் அவர் தைலம் தேய்த்துவிடுவார். அவள், "பரவால்லீங்க" என்பாள். அந்தப் பரவாயில்லை அவருக்குத் தாங்காது. அதனால் மிஷின் வாங்குவதற்கு மூன்று மாதம் முன்பே, மிஷினை ஏற்றி வைக்கிற இரும்பு ஸ்டாண்டை வாங்கி வந்துவிட்டார். துளசிமணி அதைத் தினமும் துடைத்து, மிஷின் நிற்கப்போகிற இடத்தில் ஒரு செம்பருத்திப் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

திருச்சி ஆபீசில் ஒரு பணியாளர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பன்னிரண்டு போட்டோ எடுத்தார். அவற்றை நாச்சிமுத்துவின் போனுக்கு அனுப்பினார். கூடவே ஒரு தாள். அதில், 'இடது பின்கதவு: சிறு ஒடுக்கு. பின் பம்பர்: நாலு அங்குலக் கீறல். டீசல்: பாதி' என்று எழுதியிருந்தது.

"திரும்பி வரும்போது இதே மாதிரி இருக்கணும் சார். போட்டோவை வெச்சுத்தான் சரிபார்ப்போம்," என்றார் அவர்.

இதை அவர் எல்லோரிடமும் சொல்வதுதான். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இவர்கள் மூவரும் அங்கேயே நின்று, ஒருவர் மாற்றி ஒருவர் அதை மனப்பாடம் ஒப்பித்துவிட்டுத்தான் ஏறினார்கள்.

ஐந்து நாளும் அவர்கள் வண்டியைப் பார்த்துக்கொண்ட மாதிரி, பெற்றவர்கள்கூடப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். நிறுத்துகிற இடத்திலெல்லாம் கூரையிலிருந்து டயர்வரை ஒரு டபுள் காட் கொசுவலையை மாட்டிவிட்டார்கள். மதுரையில் அதைப் பார்த்த இரண்டு பேர் ஆர்டர்கூடக் கொடுத்தார்கள். கொடைக்கானலில் கொசு கிடையாது என்பது மேலே ஏறிய பிறகுதான் தெரிந்தது. செங்கோடன் மட்டும் தளராமல், "இனிமே வந்துச்சுன்னா என்னங்க பண்ணுவீங்க?" என்று ஒரு லாட்ஜ்காரரைக் கவலைக்குள்ளாக்கி நாலு வலை விற்றார்.

விபரீதம் கடைசி நாள், திண்டுக்கல்லில் நடந்தது.

அங்கே காஜா மைதீன் என்று ஒரு டிங்கர். வண்டிகளில் விழுந்த ஒடுக்கை எடுக்கிற தொழில். அவர் வீட்டுக்கு இரண்டு வலை வாங்கினார். விலையில் இருபது ரூபாய் குறைத்துக் கொடுத்ததில் மனிதருக்குச் சந்தோஷம். இவர்கள் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வருவதற்குள், வலையைக் கொஞ்சம் விலக்கி, இடது பின்கதவின் உள்பக்கம் கையை விட்டு ஒரு தட்டுத் தட்டி, ஒடுக்கை எடுத்துவிட்டார். கதவு கண்ணாடி மாதிரி இருந்தது.

"காசெல்லாம் வேணாம். நம்ம அன்புக்கு," என்றார்.

நாச்சிமுத்து போனை எடுத்து ஏழாவது போட்டோவைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். அப்படியே டயர் ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, ஒடுக்கக் காணமுங்க."

ரங்கநாயகி அக்கா குனிந்து கதவை வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தார். தடவிப் பார்த்தார். "சுத்தமா இல்லைங்க தம்பி. அடையாளங்கூட இல்ல."

"அவுங்க பொருளு. நம்மகிட்ட இருக்கறப்பத் தொலஞ்சிருக்குது," என்றார் செங்கோடன். "கணக்குப்படி பார்த்தா ஒண்ணு குறையுது."

மூவரும் காஜா மைதீனிடம் போனார்கள். எடுத்த ஒடுக்கைத் தயவு செய்து பழையபடி வைத்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். கூலி எவ்வளவானாலும் சரி என்றார்கள்.

அவர் கொஞ்ச நேரம் மூன்று முகங்களையும் பார்த்தார். "நாப்பது வருசமா ஒடுக்கு எடுக்குறேன். வைக்கச் சொல்லி ஒருத்தரும் வந்ததில்லீங்க. தொழிலுக்கு ஆகாது, மன்னிச்சிருங்க," என்று சொல்லிவிட்டு, வாங்கிய வலைகளோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆகவே அவர்களே வைத்தார்கள். மணப்பாறை தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டினார்கள். ஒடுக்கின் அளவு ஒரு தேங்காயின் அடிப்பாகம் அளவுக்கு இருப்பதாக ரங்கநாயகி அக்கா போட்டோவைப் பார்த்துச் சொன்னார். தேங்காய் வாங்கினார்கள். இரண்டு தேங்காய் உடைந்து போயிற்று. மூன்றாவது கெட்டியானது.

அடிப்பதற்கு முன் ஒரு சந்தேகம் எழுந்தது.

"எடதுன்னு போட்டிருக்குது. எடது எதுங்க?" என்றார் செங்கோடன்.

"நீயே நின்னு பாரு," என்றார் நாச்சிமுத்து.

செங்கோடன் வண்டிக்கு முன்னால் போய், அதன் விளக்குகளை நேருக்கு நேர் பார்த்தபடி நின்று, தன் இடது கையைத் தூக்கினார். கை எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கத்துப் பின்கதவில் ரங்கநாயகி அக்கா தையல் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார். நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டு குலதெய்வத்தை வேண்டி, தேங்காயால் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

"மொதல்ல இதே கதவுலயா இருந்துச்சு?" என்று நாச்சிமுத்து பிறகு லேசாகக் கேட்டார்.

"எடுத்துட்டா எப்படிங்க தெரியும்?" என்றார் செங்கோடன். அது நியாயமாகத்தான் பட்டது.

ரங்கநாயகி அக்கா ஒடுக்கின் ஆழத்தில் ஒரு விரல் வைத்துப் பார்த்தார். போட்டோவின் மேலும் ஒரு விரல் வைத்துப் பார்த்தார். "அச்சு அசல்," என்றார். நாச்சிமுத்துவுக்கு உயிர் வந்தது. வாஷிங் மிஷினும் கூடவே வந்தது.

பம்பர் கீறலை டேப் வைத்து அளந்தார்கள். நாலு அங்குலம். நல்ல வேளை, அது எங்கும் போகவில்லை.

அடுத்தது டீசல். எடுத்தபோது பாதி. இப்போது முக்கால் இருந்தது. கூட இருப்பதும் தப்புதானே. திருச்சிக்குள் நுழைந்து ஒரு ரவுண்டானாவைச் சுற்ற ஆரம்பித்தார்கள். அறுபதாவது சுற்றில் போக்குவரத்துக் காவலர் கையை நீட்டி மறித்தார்.

"எங்க போகணும்?"

"எங்கயும் போகலீங்க. குறைஞ்சதும் போயிருவோம்," என்றார் நாச்சிமுத்து.

காவலர் பதினைந்து வருஷ அனுபவசாலி. வழிவிட்டுவிட்டார். தொண்ணூற்று நாலாவது சுற்றில் முள் பாதிக்கு வந்தது.

ஆபீசுக்கு இன்னும் ஒரு தெரு இருக்கையில் செங்கோடன் கடைசி முறையாகப் போட்டோக்களைப் புரட்டினார். நாலாவது போட்டோவில் கை நின்றுவிட்டது.

"அண்ணா, பூனைங்க."

வண்டியின் பானெட் மேல் ஒரு வெள்ளைப் பூனை உட்கார்ந்திருந்தது. நெற்றியில் ஒரு கறுப்புத் திட்டு. ஐந்து நாளாக எல்லோரும் கதவையும் பம்பரையுமே பார்த்துக்கொண்டிருந்ததில் பூனையை யாரும் கவனிக்கவில்லை.

"அது வண்டியோட சேந்ததாங்க?" என்றார் ரங்கநாயகி அக்கா.

"தாள்ல எழுதலயே."

"தாள்ல ஸ்டெப்னியும் எழுதலீங்க. இல்லாமப் போனா விட்டுருவானா?" என்றார் செங்கோடன்.

நாச்சிமுத்து வண்டியைத் திருப்பினார். மீன் மார்க்கெட்டில் ஒன்றரை மணி நேரம் அலைந்து, ஒரு முழு அயிலை மீனைச் செலவழித்து, ஒரு வெள்ளைப் பூனையைப் பிடித்தார்கள். அதன் நெற்றி வெறுமையாக இருந்தது. ரங்கநாயகி அக்கா பையிலிருந்து கண்மையை எடுத்துத் திட்டு வைத்தார். ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தி, பூனையைப் பானெட்டில் உட்கார வைத்தார்கள். தொண்ணூற்று நாலு சுற்றுச் சுற்றிய பானெட்டின் சூடு எப்படி இருக்கும் என்பது பூனைக்குத்தான் தெரியும். அது நாலு காலிலும் நகத்தை நீட்டிக்கொண்டு இறங்கப் பார்த்தது. இவர்கள் விடவில்லை. நாச்சிமுத்து முன்காலையும் செங்கோடன் பின்காலையும் பிடித்து, படத்தில் உள்ள மாதிரி அது இடதுபக்கம் பார்க்கும்வரை அமுக்கிப் பிடித்திருந்தார்கள்.

கிளை மேலாளர் ஜெரால்டு வெளியே வந்தபோது கண்ட காட்சி இது. பூனை வண்டிக்குள் பாய்ந்து பின்சீட்டுக்கு அடியில் போய்ப் பதுங்கியதைப் பார்த்தார். பிறகு வண்டியைச் சுற்றி வந்து, தாளில் எழுதினார்.

மறுநாள் கரூருக்குக் கடிதம் வந்தது. வலது பின்கதவில் புது ஒடுக்கு. பானெட்டில் பதினொரு கீறல், பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்க வேண்டும். சீட்டெல்லாம் முடி. மொத்தம் பதினேழாயிரத்து ஐந்நூறு ரூபாய். நாச்சிமுத்துவின் போனஸ் பதினெட்டாயிரம்.

அன்று வீட்டில் அவர் துளசிமணியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் ஸ்டாண்டின் மேல் இருந்த பூவை எடுத்துச் சாமி படத்துக்கு வைத்தாள். "பரவால்லீங்க," என்றாள். நாச்சிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது.

முதலாளி கடிதத்தைப் படித்தார். அவருக்கு எது எப்படியோ, ஒருவனுக்குப் பணம் கொடுப்பது பிடிக்காது. "விடாதீங்க. நேராப் போயி ஆட்சேபணை பண்ணுங்க. சும்மா வாயில பேசாம ஆதாரத்தோட போங்க," என்றார்.

ஆதாரத்தோடு போனார்கள். ஜெரால்டின் மேஜை மேல் செங்கோடன் தேங்காயை வைத்தார்.

"இது என்ன சார்?" என்றார் ஜெரால்டு.

"ஆதாரமுங்க. இதாலதான் அடிச்சோம்."

ஜெரால்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அந்த ஒடுக்கு நீங்க அடிச்சதுதான்னு ஒத்துக்கிறீங்களா?"

"பின்ன? உங்க ஒடுக்கு தொலஞ்சு போச்சுங்களே," என்றார் நாச்சிமுத்து. "திண்டுக்கல்லுல ஒருத்தர் எடுத்துப்போட்டாரு. நாங்க கேட்டும் திருப்பித் தரலீங்க. அடுத்தவங்க பொருளத் தொலச்சுட்டுச் சும்மா வர்றதுக்கு எங்களுக்கு மனசு வரலீங்க."

"ரெண்டு தேங்காய் ஒடஞ்சு போச்சுங்க," என்று ரங்கநாயகி அக்கா சேர்த்துக்கொண்டார். "அதையெல்லாம் நாங்க உங்ககிட்டக் கேக்கல."

ஜெரால்டு எழுந்து போய் வண்டியின் இடது பின்கதவைப் பார்த்துவிட்டு வந்தார். அது கண்ணாடி மாதிரி இருந்தது. தாளைப் பார்த்தார். அந்த ஒடுக்கை எடுக்க ஒர்க்‌ஷாப்பில் சொன்ன கூலியும், வலது கதவுக்கு இவர் கேட்டிருந்த தொகையும் ஒன்றுதான்.

"ஒடுக்கு இல்லாம நீங்க வண்டியக் கொடுத்திருந்தா நான் என்ன சார் சொல்லியிருப்பேன்? தேங்க்ஸ்னு சொல்லியிருப்பேன்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னைக்கு இப்படிச் சொல்றீங்க," என்றார் நாச்சிமுத்து. "அன்னைக்கு, எங்க ஒடுக்கு எங்கன்னு கேட்டிருந்தீங்கன்னா நாங்க எங்கீங்க போறது?"

ஜெரால்டு தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சரி. ஒண்ணு போச்சு, ஒண்ணு வந்துச்சு. கதவை விட்டுடலாம்," என்று அந்த வரியை அடித்தார். "பானெட்டுக்கு என்ன சொல்றீங்க?"

செங்கோடன் நாலாவது போட்டோவை எடுத்துக் காட்டினார். "இது உங்க ஆள் எடுத்த படமுங்க. இதுல பூனை இருக்குதுங்க. பூனை இல்லாம ஒப்படைச்சிருந்தா அதுக்குத் தனியா ஒரு பில்லு போட்டிருப்பீங்க."

ஜெரால்டு படத்தை வெகு நேரம் பார்த்தார். அவர் முகம் மாறிற்று. "இது டீசல்," என்றார்.

"இல்லீங்க, பூனைங்க," என்றார் ரங்கநாயகி அக்கா.

"அது பேரு டீசல்மா. நம்ம ஆபீஸ் பூனை. நீங்க வண்டி எடுத்துட்டுப் போன மறுநாள்லேர்ந்து காணோம். எங்க போச்சோ தெரியல." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "அது போன நாலே நாள்ல எலி புகுந்து மூணு வண்டியில வயரைக் கடிச்சிடுச்சு."

அப்போது மேஜைக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைப் பூனை வெளியே வந்து, சோம்பல் முறித்து, ஜெரால்டின் காலில் உரசியது. நெற்றியில் கண்மை பாதி கரைந்திருந்தது. வாயில் ஒரு எலி வால் தொங்கியது.

"இது வந்ததுலேர்ந்து ஒரு வயரும் போகல," என்றார் ஜெரால்டு மெதுவாக. எல்லோரும் எலி வாலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் பேனாவை எடுத்து, மிச்சமிருந்த இரண்டு வரிகளையும் அடித்து, 'வசூலிக்க வேண்டியது ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்தார்.

நாச்சிமுத்து அந்தத் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இந்த அளவு மரியாதையை ஜெரால்டு அந்த ஆபீசில் பார்த்ததில்லை. மனம் இளகி, வாசல்வரை வந்து ஒரு நல்ல வார்த்தையும் சொல்லி அனுப்பினார்.

"உங்களைக் காப்பாத்தினது அந்தப் போட்டோதான் சார். இனிமே எது வாங்கினாலும் மொதல்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. கடைசிவரைக்கும் அதுல இருக்கற மாதிரியே வெச்சுக்கிட்டீங்கன்னா, உங்களை யாரும் ஒரு கேள்வி கேக்க முடியாது."

இதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்பு போனஸ் முழுதாக வந்தது. மறுநாளே வாஷிங் மிஷினும் வந்தது. கடைக்காரர்கள் இரண்டு பேர் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஸ்டாண்டின் மேல் ஏற்றி, தண்ணீர்க் குழாயை மாட்டிவிட்டு, "ரெண்டு வருஷம் வாரன்டி. ஏதாவதுன்னா எங்க ஆள் வந்து பார்ப்பாரு," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மேல்மூடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்காமல், நாச்சிமுத்து உடனே பன்னிரண்டு போட்டோ எடுத்தார்.

சாயங்காலம் செங்கோடனும் ரங்கநாயகி அக்காவும் மிஷின் பார்க்க வந்தார்கள். முதல் துணி போடுவதற்கு முன் போட்டோக்களை ஒரு தரம் சரிபார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் சரியாக இருந்தன. நாலாவது போட்டோவை ரங்கநாயகி அக்கா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"தம்பி, இங்க பாருங்க."

முன்னால் மிஷின் நின்றது. அதற்குப் பின்னால், திறந்திருந்த கொல்லைக் கதவு வழியே துவைக்கிற கல் தெரிந்தது. கல்லருகே பச்சைச் சேலையில் துளசிமணி. தலைக்கு மேல் தூக்கிய கையில் ஒரு போர்வை.

மூன்று பேரும் மணப்பாறைப் புளியமரத்தை நினைத்துக்கொண்டார்கள்.

"மிஷினுக்குள்ள துணியப் போட்டா, படத்துல இருக்கற மாதிரி இருக்காதுங்க," என்றார் செங்கோடன் கடைசியில். "கல்லுல ஆளில்லைன்னாலும் இருக்காது."

நாச்சிமுத்து துளசிமணியைப் பார்த்தார். அவள் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு மிஷினை வாஞ்சையோடு தடவினாள்.

"புது மிஷினுங்க. நம்மளால வாரன்டி போச்சுன்னு ஆகக் கூடாது," என்றாள். "ரெண்டு வருஷந்தானே. பரவால்லீங்க."

இப்போது பதினொரு மாதம் ஆகிறது. மிஷின் ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருக்கிறது. மேலே ஒரு கொசுவலை போட்டிருக்கிறார்கள். யாராவது வரும்போது மட்டும் எடுப்பார்கள். பின்னால் துளசிமணி பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு கல்லில் துவைக்கிறாள். சாயங்காலம் நாச்சிமுத்து தைலம் தேய்த்துவிடுகிறார்.

அந்தப் பச்சைச் சேலையைத்தான் என்ன செய்வதென்று முதலில் தெரியவில்லை. கட்டிக்கொண்டிருக்கிற சேலையைக் கல்லில் அடிக்க முடியாது. மூவரும் கூடி அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ரங்கநாயகி அக்கா தன்னுடைய பச்சைச் சேலையில் வந்து கல்லருகே போர்வையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். செங்கோடன் வாசலில் நின்று மிஷின் கம்பெனி ஆள் வருகிறாரா என்று பார்த்துக்கொள்கிறார். அதற்குள் துளசிமணி தன் சேலையை எடுத்துக்கொண்டு போய், பக்கத்து வீட்டு வாஷிங் மிஷினில் போட்டு எடுத்து வந்துவிடுகிறாள்.